சேது கட்டின கதையை வச்சு உங்க விஷனை டீம் கைக்கு கொண்டு போறது எப்படி

தொழில் நடத்துறவங்கள்ல விஷன் இல்லாத ஆளை நான் பாத்ததே இல்ல. அஞ்சு வருஷத்துல கம்பெனி எங்க இருக்கும்னு கேட்டா படமே வரைஞ்சு காட்டிடுவாங்க. அதே கம்பெனில டெஸ்க்ல உக்காந்து வேலை பாக்குறவர் கிட்ட போய், நாளைக்கு காலைல நீங்க பண்ணப்போற வேலைக்கும் அந்த படத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேளுங்க, பாவம் முழிப்பாரு. தப்பு அவர் மேல இல்ல. தூரத்துல இருக்கறத பாக்குறது தலைவரோட வேலைல பாதி கூட கிடையாது, மிச்சம் பூரா அதை மத்தவங்க கைல சேக்கறது தான், இதை எனக்கு எந்த ட்ரெய்னிங்க விடவும் தெளிவா சொல்லிக்குடுத்தது ராமாயணம். கடலை தாண்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதுல என்னென்ன நடக்குதுன்னு பாத்தா, அதை வச்சே ஒரு டீமை நடத்திடலாம். நான் பின்பத்துற முறைய கதையோட சேத்தே சொல்றேன்.

முதல் வேலை, யாருக்கு என்ன தெரியும்னு கேளுங்க.

ராமர் கடற்கரைக்கு வந்துட்டாரு, பின்னாடி அவ்ளோ பெரிய வானர சேனை, முன்னாடி கடல். சமுத்திரராஜன் வழி விடணும்னு தர்ப்பை மேல படுத்து மூணு நாள் காத்திருக்காரு, ஒண்ணும் நடக்கல, கோவம் வந்து வில்லை எடுக்கறாரு, அப்புறம் தான் சமுத்திரராஜன் வெளிய வர்றான். வந்து சொல்ற பதில் தான் ஆச்சரியம். உங்க படையிலயே நளன்னு ஒருத்தன் இருக்கான், விஸ்வகர்மாவோட பிள்ளை, அவனால பாலம் கட்ட முடியும்ங்கறான். உடனே நளன் எழுந்து, ஆமா என்னால முடியும், யாரும் கேக்கல, அதனால என் திறமைய நானா சொல்லிக்கலங்கறான். வால்மீகில இந்த இடத்தை படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துடும், ஏன்னா மூணு நாளா பதில் பத்தடி தூரத்துல தான் இருந்துருக்கு.

இது எனக்கே நேர்ல நடந்துச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு எடத்துல டெலிவரி தேதி எப்பவும் தள்ளி தள்ளி போகும், வெளிய இருந்து ஆள் கூட்டிட்டு வந்து மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணோம், பெரிய ரிப்போர்ட்டெல்லாம் வந்துச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நாள் அக்கவுன்ட்ஸ்ல இருந்த ஒரு அம்மா கிட்ட வேற எதுக்கோ பேசிட்டு இருக்கும்போது அவங்க ஒரு எக்செல் ஷீட்டை திறந்து காட்டினாங்க, 14 மாசத்து ஆர்டர் மொத்தமும் அதுல இருக்கு, என்னைக்கு தர்றோம்னு சொன்னோம், என்னைக்கு போச்சு, கடைசி காலம்ல (column) காரணம்னு ஒரே ஒரு வார்த்தை. பாதிக்கு மேல "அப்ரூவல்"னு இருந்துச்சு. லேட்டா போன ஆர்டருக்கு பணமும் லேட்டா வருதேன்னு அவங்களா எழுதி வச்சுருக்காங்க. ஏம்மா இதை சொல்லலைன்னு கேட்டேன், யாரும் கேக்கலையே சார்னாங்க. நளன் சொன்ன அதே பதில்.

அதனால பெரிய பிளானை அறிவிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரோடயும் தனியா அரை மணி நேரம் உக்காருங்க. ரெண்டே கேள்வி போதும். உங்க வேலைக்கு வெளிய உங்களுக்கு என்ன நல்லா தெரியும், இங்க நீங்க கவனிச்சும் யாரும் உங்ககிட்ட கேக்காத விஷயம் என்ன. பதிலை நோட்டுல அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, நடுவுல திருத்தாதீங்க. குரூப் மீட்டிங்ல இதை கேட்டா வேலைக்கு ஆகாது, அங்க நல்லா பேசத் தெரிஞ்சவங்க மட்டும் தான் பேசுவாங்க.

அடுத்தது, தூரத்தை நாளா பிரிக்கறது. எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு இது.

வால்மீகி சொல்றபடி சேது 100 யோஜனை நீளம் (யோஜனைங்கறது அந்த காலத்து தூர அளவு), அஞ்சு நாள்ல முடிஞ்சுது. முதல் நாள் 14, ரெண்டாம் நாள் 20, அப்புறம் 21, 22, 23. நம்மள்ல யாரு பிளான் போட்டாலும் என்ன பண்ணிருப்போம், 100ஐ அஞ்சால வகுத்து நாளைக்கு 20னு எழுதி ஒட்டிருப்போம். இப்ப அந்த 20ஓட நளன் கணக்கை ஒப்பிட்டு பாருங்க. முதல் நாள் முடிவுல 14, இருக்க வேண்டியது 20. ரெண்டாம் நாள் 34, வேண்டியது 40. மூணாம் நாள் 55, வேண்டியது 60. நாலாம் நாள் 77, வேண்டியது 80. நாலு நாளும் டேஷ்போர்டு சிவப்பா தான் இருந்துருக்கும், நாலு நாளும் யாராச்சும் வந்து கத்திருப்பாங்க, ஆனா அஞ்சாம் நாள் சரியா 100. முதல் நாள்ல கல்லு எங்க இருந்து வரணும், மரம் யாரு பிடுங்கணும், கோணாம போக நூலை யாரு பிடிக்கணும், அளவுகோல் யாரு கைலன்னு பழகிருக்காங்க, நூல் பிடிச்சவங்களை பத்தி வால்மீகி தனியாவே சொல்றாரு. அது பழகினதும் 14ல இருந்து 20க்கு ஒரே தாவு, அப்புறம் ஒரு நாளைக்கு ஒண்ணு கூடுது, அவ்ளோ தான்.

ஆக டார்கெட் போடும்போது முதல் கட்டத்தை வேணும்னே சின்னதா வைங்க, அதுல வேலை முறை அமையணும், அதை தான் அளக்கணும். ரெண்டாம் கட்டத்துல வேகம் தாவலைன்னா தான் கவலைப்படணும், ஏன்னா முறை அமையலைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒரேடியா இரட்டிப்பாக்கறேன்னு இறங்காதீங்க.

மூணாவது, யாரை அனுப்பறதுன்னு முடிவு பண்றது, இதுக்கு ஜாம்பவான் தான் குரு. இது பாலம் கட்டறதுக்கு முன்னாடி நடந்தது, கடலை தாண்டி சீதையை தேடணும், யாரால எவ்ளோ தாண்ட முடியும்னு அங்கதன் கேக்க, கஜன் 10 யோஜனைங்கறான், கவாக்ஷன் 20ங்கறான், அப்படியே ஏறி ஏறி போகுது. ஜாம்பவான் வயசாயிடுச்சு, 90 முடியும்ங்கறாரு. அங்கதன், 100 தாண்டிடுவேன், ஆனா திரும்பி வர்றது சந்தேகம்ங்கறான். இளவரசன் தன் படை முன்னாடி இப்படி பேசுறான் பாருங்க, இந்த நேர்மை எத்தனை போர்டு ரூம்ல இருக்கு? உங்க டீம்ல யாராச்சும் லான்ச் பண்ணிடலாம், ஆனா அதுக்கப்புறம் பாத்துக்க ஆள் இல்லன்னு சொன்னா அவரை தடை போடுறவர்னு நினைக்காதீங்க, திரும்பி வர்ற தூரத்தையும் சேத்து கணக்கு போடுறாரு.

சரி நானே போறேன்னு அங்கதன் நிக்கும்போது ஜாம்பவான் தடுக்கறாரு, நீ தலைவன், நீ வேர் மாதிரி, வேரை காப்பாத்தணும்னு. எல்லாத்தையும் தானே இறங்கி செய்யற முதலாளிங்க இதை தினமும் படிக்கணும். அப்புறம் தனியா ஓரமா ஒண்ணும் பேசாம உக்காந்திருக்க அனுமன் கிட்ட போறாரு. நீ பெரிய ஆளுன்னு பொதுவா சொல்லிட்டு போகல, நீ யாரு பிள்ளை, குழந்தைல சூரியனை பழம்னு நினைச்சு தாவினவன், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நடந்ததை நடந்தபடி எடுத்து சொல்றாரு. நீங்களும் ஒருத்தருக்கு பெரிய பொறுப்பு குடுக்கும்போது அவர் இருக்கற எடத்துக்கு போய், முன்னாடி அவர் செஞ்ச ரெண்டு வேலைய பேரு சொல்லி ஞாபகப்படுத்தி, அதனால தான் இதுக்கு உங்களை நினைச்சேன்னு சொல்லுங்க. உங்களால முடியும்னு மொட்டையா சொன்னா அது யாருக்கு வேணா சொல்ற வார்த்தை தானே.

ரிப்போர்ட் எப்படி வரணும்ங்கறதுக்கு கம்பர் ஒரு வார்த்தைல பாடம் எடுத்துட்டாரு. அனுமன் திரும்பி வந்து ராமர் கிட்ட "கண்டனென்"னு தான் ஆரம்பிக்கறான். சீதையை கண்டேன்னு கூட இல்ல, சீதைன்னு முதல்ல சொன்னா அடுத்த வார்த்தை வர்ற வரைக்கும் கேக்கறவர் உயிர் துடிக்கும். டீம் மெயில்ல முதல் வரி முடிவா இருக்கட்டும், ஆச்சா இல்லையா, கதை அப்புறம்.

மீட்டிங்குக்கு ரெண்டு சபையை பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. விபீஷணன் அடைக்கலம்னு வந்து நிக்கறான், சுக்ரீவன் வேண்டாம்ங்கறான், ராமர் எல்லாரையும் பேச விடறாரு, அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் எல்லாரும் சந்தேகமா தான் பேசுறாங்க, கடைசில அனுமன் மட்டும் சேத்துக்கலாம்ங்கறான், அதுக்கப்புறம் தான் ராமர் வாய திறக்கறாரு, சுக்ரீவன் மறுபடி மறுக்கும்போது கூட பொறுமையா விளக்கறாரு. ராவணன் சபைல இருந்தவங்க ஒண்ணும் திறமையில கொறஞ்சவங்க இல்ல. கம்பர்ல கும்பகர்ணனே எழுந்து, நாம "பேசுவது மானம், இடை பேணுவது காமம்"னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்றான், சுவத்துல ஒரு கொள்கைய எழுதி வச்சுட்டு வேற மாதிரி நடக்கற எந்த கம்பெனிக்கும் இது பொருந்தும். யார் பேச்சும் எடுபடல. விரட்டப்பட்ட விபீஷணன் நாலு துணைவரோட எதிர் பக்கம் போயிட்டான், லங்கையோட எந்த வாசல்ல யாரு காவல்ங்கற தகவல் அவன் மூலமா தான் ராமருக்கு போகுது. அதனால முக்கியமான முடிவுன்னா உங்க கருத்தை கடைசில சொல்லுங்க. வயசுலயும் பதவிலயும் சின்னவங்கள்ல இருந்து ஆரம்பிங்க, நீங்க முதல்ல பேசிட்டா அதுக்கப்புறம் வர்றது பூரா உங்க குரலோட எதிரொலி தான்.

கடைசியா ஒண்ணு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சீதையை கண்டுபிடிச்சு திரும்புற வழில வானரங்க சுக்ரீவனோட மதுவனத்துல புகுந்து தேனை குடிச்சு ஒரு வழி பண்ணிடறாங்க, காவல்காரன் ததிமுகன் ஓடி வந்து புகார் சொல்றான். சுக்ரீவனுக்கு கோவமே வரல, காரியம் முடியாம இவங்களுக்கு இந்த தைரியம் வராதுன்னு புரிஞ்சுக்கறான், சந்தோஷத்துல வாலை நீட்டிக்கறான், முதல்ல அவங்களை வரச்சொல்லுங்கறான். அவன் குடுத்த ஒரு மாச கெடுவையே தாண்டிட்டு, சாப்பிடாம உயிரை விட்டுடலாம்னு உக்காந்த கூட்டம் அது. உங்க டீமும் ஒரு பெரிய வேலைய முடிச்சுட்டு வரும்போது கொஞ்சம் சத்தமா தான் வரும், அன்னைக்கு காலைலயே அடுத்த டார்கெட் ஸ்லைடை திறக்காதீங்க. இப்ப ஓடிட்டு இருக்கற ப்ராஜெக்ட் முடியற தேதிய பாத்து, அதுக்கு அடுத்த ரெண்டு நாளை காலண்டர்ல இன்னைக்கே காலியா போட்டு வைங்க.