ஓடிபி சொல்லாமலேயே பணம் போகும்: போன், எஸ்எம்எஸ் மோசடிகளில் நாம் செய்யும் தவறுகள்

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இப்போது தாத்தா பாட்டிகளுக்கும் மனப்பாடம். ஆனாலும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது நடக்கும் மோசடிகள் பலவற்றில் யாரும் ஓடிபி கேட்பதே இல்லை. தவறு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வந்த செய்தி உண்மையா என்று விசாரிக்க, அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணுக்கே நாம் கூப்பிடுகிறோம்.

தமிழ்நாட்டில் பலருக்கும் வந்திருக்கும் ஈபி மெசேஜையே எடுத்துக்கொள்வோம். ‘போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியிடம் பேசவும்’ என்று ஒரு பத்து இலக்க செல்போன் எண்ணோடு வரும். நிதானமாகப் படித்தால் எல்லாமே இடிக்கும். வீடுகளுக்கு இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கிறார்கள், இதில் போன மாத பில் எங்கிருந்து வந்தது? ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸைப் பிடுங்க எந்த லைன்மேன் வருகிறார்? ஆனால் வீட்டில் குழந்தை படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதையெல்லாம் யோசிக்கத் தோன்றாது. பில்லை ஒழுங்காகக் கட்டியவரும் ‘கட்டிட்டேனே!’ என்ற கோபத்தில் கூப்பிட்டுவிடுவார்.

எதிர்முனையில் மரியாதையான குரல். “ஆமா சார், கட்டியிருக்கீங்க, சிஸ்டத்துல ஏறல. பத்து ரூபாய் மட்டும் போட்டு அப்டேட் பண்ணிடுங்க.” அதற்காக ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அது உங்கள் போன் திரையை அவருக்கு அப்படியே காட்டும் செயலி. பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் கார்டு எண், பாஸ்வேர்டு, அப்புறம் வரும் ஓடிபி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் கணக்கு காலி. பில்லில் சந்தேகம் என்றால் பழைய ரசீதைப் பாருங்கள், அல்லது மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் கேளுங்கள். வங்கி என்றால் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதைக் கூப்பிடுவதும் இதே தவறுதான். போலி எண்களை அங்கேயும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் பெயர், ஆதார் எண், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாம் சரியாகச் சொன்னதால் நம்பினேன் என்று பலர் சொல்கிறார்கள். நாம் ஜெராக்ஸ் கடை முதல் லாட்ஜ் வரை ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். அந்த விவரங்கள் ஒருவரிடம் இருப்பதால் அவர் வங்கி அதிகாரி ஆகிவிட மாட்டார்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, டிராஃபிக் அபராதம் என்றோ ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு, பெயர் .apk என்று முடியும்) வந்தால் தொடவே வேண்டாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அப்படித்தான். அவர் போன் ஏற்கனவே சிக்கியிருக்கலாம். நிறுவியதும் எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் ஓடிபிகளைத் தானாகவே வெளியே அனுப்பும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், செயலியாக வராது.

யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ‘தவறுதலா உங்களுக்கு அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க’ என்று யாராவது அழுதால், வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கிக் கணக்கின் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தால் வங்கியிடம் சொல்லுங்கள், அவர்கள் வழியாகவே திரும்பட்டும்.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ‘டிஜிட்டல் கைது’ மோசடியில் பேராசை எங்கே இருக்கிறது? உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக அழைப்பு வருகிறது. வீடியோவில் காக்கிச்சட்டை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஓர் அறை. போனை வைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, பணத்தை ‘சரிபார்க்க’ ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும். படித்து, பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இதில் மாட்டியது பயத்தால்தான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இங்கே செய்யும் தவறு, பேசிக்கொண்டே இருப்பது. நம் பக்க நியாயத்தை விளக்கினால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறோம். விளக்க வேண்டாம், போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

சரி, பணம் போய்விட்டது. அடுத்த தவறு தாமதம். வெட்கத்தில் ஒரு நாள், வங்கி திறக்கட்டும் என்று ஒரு நாள். அதற்குள் பணம் பல கணக்குகள் மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். மோசடிக்காரர் சொல்லி இறக்கிய செயலி போனில் இருந்தால் முதலில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்க முடியும். வங்கிக்கும் உடனே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, விவரங்களை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போன பணம் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லியிருந்தால் நமக்கு நஷ்டம் இல்லை. மெசேஜ்களையும் அழைப்புப் பட்டியலையும் அழித்துவிடாதீர்கள்.

சில நாள் கழித்து இன்னோர் அழைப்பு வரலாம். சைபர் போலீஸ் என்றோ வக்கீல் என்றோ சொல்லி, போன பணத்தை மீட்டுத் தர முன்பணம் கேட்பார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்களும் இந்தக் கும்பல்களிடம் கைமாறுகின்றன. 1930-இல் புகார் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது.