திருப்பலி இசையைத் திருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது

கத்தோலிக்கக் கோயில் வழிபாடான திருப்பலிக்குச் சில வருஷத்துக்கு முன் எழுதிய இசையைத் திருவிழாவுக்காக மறுபடி எடுத்திருக்கிறீர்கள், ஏதோ இடிக்கிறது, எது என்றுதான் பிடிபடவில்லை. உடனே நோட்டைத் திறந்து திருத்த உட்காராதீர்கள். ஒத்திகையின்போது கடைசி பெஞ்சில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள், வீட்டுக்குப் போய் வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். எங்கே சொல் புரியவில்லையோ அங்கேதான் வேலை.

பெரும்பாலும் குறில் நெடிலில்தான் சிக்கல் இருக்கும். திருப்பலியில் வரும் ‘தூயவர்’ பாட்டில் அந்தச் சொல்லில் நீட்ட வேண்டியது ‘தூ’; ‘ய’வை இரண்டு எண்ணிக்கைக்கு இழுத்தால் ‘தூயாவர்’ என்று கேட்கும். ‘இரக்கமாயிரும்’ இன்னும் கஷ்டம். நான் ‘ர’வில் நீண்ட சுரம் வைத்திருந்தேன், குழு முழுக்க ‘இராக்கமாயிரும்’ என்று பாடியது, பிழை என் மெட்டில்தான். இப்போது ‘இரக்க’வைச் சட்டென்று கடந்து ‘மா’வில் போய் நிற்கிறேன், அந்த ஒரு மாற்றத்திலேயே மன்றாட்டு மன்றாட்டாகக் கேட்டது. சுரத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், சொல்லில் கை வைக்காதீர்கள். உதாரணமாக, இறைவனைப் புகழும் பாட்டான வானவர் கீதத்துக்குப் பதில் வேறு வரிகள் பாடத் திருப்பலி ஒழுங்கிலேயே இடமில்லை.

அப்புறம் ஆர்கன். நம் டெல்டா பங்குக் கோயில்களில் பெரும்பாலும் கீபோர்டில் வரும் ஆர்கன் ஒலிதான், காலால் வாசிக்கும் பெடல் கிடையாது, பேஸ் என்னும் கீழ்ச் சுரங்கள் முழுவதும் இடது கையில். கீபோர்டின் நடுச் சுரமான மிடில் சிக்குக் கீழே ஒரு ஆக்டேவ் இறங்கிவிட்டால் சுரங்களை நெருக்கி வைக்காதீர்கள், உயரமான கூரையுள்ள பழைய கோயிலில் அது வெறும் உறுமலாகிவிடும். நாலு குரலையும் ஆர்கன் அப்படியே திரும்ப வாசிக்கத் தேவையில்லை. வரி முடிகிற இடத்தில் ஒரு எண்ணிக்கை கையை எடுக்கச் சொல்லி எழுதுங்கள். ஆர்கனுக்கு மூச்சு வேண்டாம், பாடுகிறவர்களுக்கு வேண்டும்.

‘தூயவர்’ வழிபாடு நடத்தும் குருவோடு மக்கள் எல்லாரும் சேர்ந்து பாட வேண்டியது, அதனால் ஒரே குரலில் வைத்து, மேல் சுரம் எட்டாவிட்டால் முழு ஸ்வரம் ஒன்று இறக்கிவிடுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, அதையொட்டிக் குறுவை அறுப்பும் தொடங்கிவிடும், ஒத்திகைக்கு ஆண்கள் பாதிப்பேர்தான் வருவார்கள். ஆண்களின் மேல் குரலான டெனர் இல்லாமலும் நிற்கிறதா என்று ஒருமுறை பாடிப் பாருங்கள்.

‘இறைவனின் செம்மறியே’ பாட்டு, குரு அப்பம் பிட்டு முடியும்வரை திரும்பத் திரும்ப வரலாம், குருக்கள் நிறையப் பேர் என்றால் நேரம் கூடும். அதனால் முதல் வரிக்குத் திரும்பும் இடத்தை ஆர்கன் தாளில் சிவப்பில் குறித்து, அமைதி கேட்கும் வரியைக் கடைசித் தடவைக்கென்று தனியாக எழுதிவையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் இதையே பாடுவதானால் இன்னொரு தாள் வேண்டும்: ஞாயிறுகளில் வானவர் கீதம் இருக்காது, ஆர்கன் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், ஆகவே இடையிசையை எல்லாம் எடுத்துவிட்டு, சுருதி கொடுக்க ஒரே ஒரு கார்டை (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டை) மட்டும் விடுங்கள்.