ஒன்ராறியோவில் முதல் நேர்முகத் தேர்வு: புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து சேர்ந்த முதல் மாதங்களில் நேர்முகத் தேர்வுக்கு ஓர் அழைப்பு கிடைப்பதே பெரிய காரியம். அழைப்பு வந்துவிட்டது என்றால், வேலைக்கு வேண்டிய தகுதி உங்களிடம் இருக்கிறது என்பதை அந்த நிறுவனம் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே பொருள்; இனி அவர்கள் அறிய விரும்புவது, முன்பு பார்த்த வேலையில் நீங்கள் என்ன செய்தீர்கள், தங்களோடு சேர்ந்து எப்படி வேலை செய்வீர்கள் என்பதைத்தான். நம்மவர்களில் திறமைசாலிகள் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதற்கு ஆங்கிலம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெரியவர்கள் முன் அடக்கமாக இருப்பதையே மரியாதையாகப் பழகியிருக்கிறோம். அந்த அடக்கத்தை அறியாத ஒருவருக்கு, எதிரில் இருப்பவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றே தோன்றிவிடுகிறது.

பெரும்பாலும் முதலில் வருவது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வி. ஊர், படித்த பள்ளிக்கூடம், குடும்பம் என்று தொடங்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த வேலை, அதில் உங்கள் கைக்கு வந்த பொறுப்பு, இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள் ஆகிய மூன்றையும் இரண்டு நிமிடங்களுக்குள் சொல்லி முடித்தால் போதும். அதன்பின், 'ஒரு வாடிக்கையாளர் கோபப்பட்டபோது என்ன செய்தீர்கள்', 'சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது எப்படி நடந்துகொண்டீர்கள்' என்பதுபோல் பழைய அனுபவத்தைக் கேட்பார்கள். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன் என்ற வரிசையில் இவற்றுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை, இங்குள்ள வேலைவாய்ப்பு ஆலோசகர்கள், அந்த நான்குக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'ஸ்டார்' (STAR) முறை என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒரு மருத்துவமனையின் மருந்துக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். 'எங்கள் பிரிவில் கணக்கு சரியாக வராது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைச் சரிப்படுத்தினோம்' என்று அவர் சொன்னால், அதில் அவருடைய பங்கு என்ன என்பது கேட்பவருக்கு விளங்காது. 'மாதக் கடைசியில் இருப்புக் கணக்கும் களஞ்சியத்தில் இருந்த மருந்தும் ஒத்துவரவில்லை. இருப்பைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. வார்டுகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியையும் அனுப்பும்போதே பதிவு செய்யும் ஒரு புத்தகத்தை நான் தொடங்கினேன். வாரம் ஒருமுறை நானே எண்ணிப் பார்த்தேன். அடுத்த மாதமே வித்தியாசம் எங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டது' என்று அவரே சொல்லும்போது, நடந்ததுதான் சொல்லப்படுகிறது, அதில் தற்பெருமை ஏதும் இல்லை. சொந்த வேலையிலிருந்து இத்தகைய ஐந்தாறு சம்பவங்களை எழுதி வைத்து, வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மாகாண அரசின் வேலைவாய்ப்புச் சேவையான எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோவின் நிலையங்களில் நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

அறைக்குள் நுழையும்போது ஒரு சிறு புன்னகை, அவர்கள் கை நீட்டினால் தளர்வில்லாத ஒரு கைகுலுக்கல், பேசும்போது எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்ப்பது ஆகியவை போதும். 'சேர்', 'மேடம்' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்க வேண்டியதில்லை; அவர்கள் தங்களை முதற்பெயரால் அறிமுகப்படுத்தினால் அதே பெயரால் அழைப்பதே இங்கு மரியாதை. நாம் 'ஆம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது, பழக்கமில்லாதவருக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். ஆகவே ஆம், இல்லை என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும் நம்மில் பலரை இங்கே தந்தையின் பெயரால் கூப்பிட்டுவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே உங்கள் பெயரை நிதானமாக ஒருமுறை உச்சரித்து, எப்படி அழைக்கலாம் என்று சொல்லிவிட்டால் இரு தரப்பாருக்கும் சங்கடம் இல்லை.

உடை சுத்தமாகவும் வேலைக்குப் பொருத்தமாகவும் இருந்தால் போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வாசனைத் திரவியத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதை அனுமதிக்காத பணியிடங்கள் இங்கு நிறைய உண்டு. குளிர்காலத்தில் உப்பும் பனிச்சேறும் படிந்த பூட்ஸோடு உள்ளே போகாமல், காலணியைப் பையில் எடுத்துச் சென்று கட்டட வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து பேருந்தும் சுரங்க ரயிலும் மாறிப் போகிறவர்கள் பனி நாளில் கூடுதலாக அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஆனால் வரவேற்பறைக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் முன்னதாகப் போக வேண்டாம்.

காணொளி வழியாக நடக்கும் நேர்முகத்துக்கும் இதே கவனம் வேண்டும். பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் விளக்கைத் தங்கள் முகத்துக்கு எதிரே வைத்து, மடிக்கணினியைக் கண் உயரத்துக்கு உயர்த்தி வைப்பது நல்லது. மேல்மாடிச் சத்தம் கேட்கும் வீடென்றால், பொது நூலகத்தில் ஓர் அறையை முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் சில இடங்களையும் அறிந்திருங்கள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை வயது, மதம், திருமண நிலை, பிறந்த நாடு போன்றவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே ரெசுமேயில் புகைப்படமோ பிறந்த தேதியோ போட வேண்டாம். கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உள்ளதா என்று கேட்கலாம், அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். சின் (SIN) எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கத்தை வேலை உறுதியான பிறகே கொடுக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் பொதுவில் வெளியிடும் விளம்பரங்களில் 'கனடிய அனுபவம் தேவை' என்று கேட்கக் கூடாது. விளம்பரம் கேட்காத ஒன்றுக்காக நீங்களாகவே மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச்சைத் தொடங்காதீர்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பார்த்த வேலையும் வேலைதான்.

முடிவில் 'கேட்க ஏதேனும் உண்டா' என்பார்கள். ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடாமல், முதல் மூன்று மாதங்களில் இந்தப் பணியில் இருப்பவரிடம் எதை எதிர்பார்ப்பீர்கள் என்றாவது கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் 24 மணி நேரத்துக்குள் நன்றி கூறி நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், விளம்பரப்படுத்திய வேலைக்கு நேர்முகம் கண்டவர்களிடம், கடைசி நேர்முகம் நடந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்று தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதுவரை காத்திருக்காமல், ஒரு வாரம் கழித்துப் பணிவாக ஒருமுறை விசாரிப்பதில் தவறில்லை; அந்த இடைவெளியில் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள்.