ஆவிப் படமும் ஒரு மெதுவான காதல் கதையும்: சரித்திர நாவல் எழுத விரும்புகிறவர்களுக்கு

உயிரோடு இருப்பவரைப் புகைப்படம் எடுத்து, பக்கத்தில் செத்தவரின் ஆவியும் விழுந்திருப்பதாகக் காட்டுவதுதான் ஆவிப் படம். அதை வைத்து அந்தக் காலச் சிங்கப்பூரில் ஒரு நாவல் எழுதப் போகிறீர்கள் என்றால், ஆவி அப்புறம் வரட்டும், முதலில் கண்ணாடி கழுவக் கற்றுக்கொள்ளுங்கள். 1851ல் வந்த கொலோடியன் என்ற புகைப்பட முறையில் படம் கண்ணாடித் தகட்டில்தான் விழும். தகட்டைத் துடைத்து, ஈதர் கலந்த பிசுபிசுப்பான கொலோடியனை ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிட்டு, இருட்டறையில் சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, ஓடிவந்து மருந்து ஊற்றிப் படத்தை வரவழைக்க வேண்டும். மொத்தம் 10, 15 நிமிடம்தான் கிடைக்கும். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். சிங்கப்பூர் மதிய வெயிலில், சன்னலை அடைத்த அறைக்குள் படம் எடுக்கிற ஆள் என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசியுங்கள், உங்கள் முதல் அத்தியாயம் அங்கேயே இருக்கிறது.

ஒருவரை எடுத்த தகட்டைச் சரியாகக் கழுவாமல் இன்னொருவருக்குப் பயன்படுத்தினால், பழைய முகம் புதியவரின் தோளுக்குப் பின்னால் மங்கலாக எழும். ஆவிப் படத்தின் வித்தைகளில் இது ஒன்று. வாசகருக்கு இதைச் சீக்கிரமே சொல்லிவிடுங்கள், கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள். வித்தை தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: இந்த முகம் யாருடையது, இதே நாற்காலியில் எப்போது வந்து உட்கார்ந்தது?

இதற்கு நடந்த கதையே இருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் பாஸ்டனில் வில்லியம் மம்லர் என்ற நகைச் செதுக்குக்காரர் ஆவிப் படம் எடுக்கத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மகனையும் கணவனையும் இழந்த வீடுகள் அவரைத் தேடிப் போயின. பிறகு, ஆவி என்று காட்டிய சிலர் அதே ஊரில் உயிரோடு நடமாடுவதாகப் புகார் கிளம்பியது. 1869ல் நியூயார்க்கில் வழக்கு நடந்து, மோசடியை நிரூபிக்க முடியாமல் விடுதலையானார். அதற்கும் பிறகு லிங்கனின் மனைவி வேறு பெயர் சொல்லி அவரிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அப்படிப் போனவர்களை ஏமாளிகளாக எழுதிவிடாதீர்கள். செத்தவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைக்கிற நமக்கு அந்த ஏக்கம் நன்றாகவே புரியும்.

பாஸ்டனில் நடந்ததை அப்படியே சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் இறக்கிவைத்தால் பொய்யாகத் தெரியும். அங்கே தொழில் கற்றவன் ஒருவன் கப்பலேறி இங்கே வரட்டும். சூயஸ் கால்வாய் 1869ல் திறந்துவிட்டது, லம்பர்ட் கம்பெனி 1867லேயே இங்கே ஸ்டூடியோ தொடங்கிவிட்டது, ஆகவே 1870களில் உங்கள் ஆள் கடை போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவனிடம் தகடு கழுவும் வேலைக்கு, காணாமல்போன கணவனைத் தேடி நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சேருங்கள். ஒரு நாள் யாரோ ஒரு செட்டியாரின் படத்தில் பின்னால் அவள் கணவனின் முகம் எழுகிறது. அவன் சாகவில்லை. போன வருடம் வேறு பெயரில், வேறொரு குடும்பத்தோடு வந்து அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். இது அவளுக்குத் தெரிய வருவதற்கு முந்நூறு பக்கம் ஆகட்டும்.

சரி, அந்த முந்நூறு பக்கத்தை எப்படி நிரப்புவது? மெதுவான நாவல் என்றால் வானத்தையும் கடலையும் வர்ணித்துக்கொண்டே போவது என்று நினைக்காதீர்கள், அதை நானே பத்துப் பக்கத்தில் மூடிவிடுவேன். கைகள் வேலை செய்துகொண்டே இருக்கட்டும், மெதுவு தானாக வரும். படக்காரனுக்கும் அவளுக்கும் காதலும் அந்த வேலையிலேயே நடக்கட்டும்: மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு தகடு கை மாறுகிறது, இருவரும் பேசவில்லை. சில்வர் நைட்ரேட் பட்ட விரல் வெளிச்சத்தில் கறுத்துப்போகும், சோப்புக்குப் போகாது. அவள் இருட்டறைக்குள் இருந்ததை அந்த விரலே காட்டிக்கொடுக்கும். மறைக்க மருதாணி வைத்துக்கொள்கிறாள். கணவன் எங்கே என்றே தெரியாதவளுக்கு மருதாணி எதற்கு என்று அக்கம்பக்கம் பேசத் தொடங்குகிறது. கறையைப் போக்கச் சயனைடைத் தேய்த்துக்கொண்டவர்களும் அந்தக் காலத்தில் உண்டு, கடையில் அந்தப் புட்டி இருப்பதை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஊர் விவரத்துக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் உட்காருங்கள். 1845லிருந்து வரும் ஸ்ட்ரைட்ஸ் டைம்ஸில் செய்தியைவிட விளம்பரங்களையும் கப்பல் வருகைப் பட்டியலையும்தான் நான் முதலில் படிப்பேன், அரிசி எங்கிருந்து வந்தது, யார் எந்தக் கப்பலில் இறங்கினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் உங்கள் கதாநாயகியின் கையில் சிங்கை நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்துவிடாதீர்கள், அது 1887ல்தான் வந்தது.

மொழியில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆவி என்றால் பேய், ஆவி என்றால் உயிர், புட்டியைத் திறந்தால் ஈதர் பறந்து போவதும் ஆவிதான். இதை எங்கேயும் விளக்காதீர்கள். முதலில் புட்டியிலிருந்து வரட்டும், பிறகு அவள் மூச்சில், அப்புறம்தான் படத்தில்.

உண்மை தெரிந்த பிறகு, அவள் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு விளக்கேற்றுகிறாளா இல்லையா என்பதை முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதி வைக்காதீர்கள். கடைசிக்கு முந்தின அத்தியாயம்வரை எழுதிவிட்டு, ஒரு வாரம் தள்ளிப்போட்டு, முதல் அத்தியாயத்திலிருந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.