மனசு ஒடைஞ்சவங்களுக்கு பாட்டு எழுதணுமா

எடுத்ததும் ‘கவலைப்படாதே’ன்னு ஆரம்பிக்காதீங்க, கேக்குறவங்களுக்கு எரிச்சல்தான் வரும். முதல்ல அவங்க வலியை ஒத்துக்கணும், அதுவும் பொதுவா இல்லாம, கட்ட முடியாத வட்டி, தூக்கம் வராத ராத்திரின்னு குறிப்பா. 2004ல வந்த ஆட்டோகிராஃப் படத்துல பா.விஜய்க்கு தேசிய விருது வாங்கிக்குடுத்த ‘ஒவ்வொரு பூக்களுமே’ பாட்டை கேளுங்க, வாழ்க்கையே போராட்டம்தான்னு பல்லவியிலேயே சொல்லிட்டுதான் தைரியம் சொல்லும். சரணத்துல கஷ்டத்தை வெச்சுட்டு பல்லவிக்கு திரும்பும்போது நம்பிக்கை வர்ற மாதிரி எழுதுனா திரும்பத் திரும்ப மனசுல நிக்கிறது நம்பிக்கைதான். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள்ள (கீழ் ச-வுல இருந்து மேல் ச வரைக்கும்) இருக்கட்டும், ஏன்னா இதை முணுமுணுக்கப்போறது பாடகர் இல்ல, தொண்டை அடைச்சுப்போன சாதாரண ஆளு. எதுகைக்காக பொய்யான வார்த்தை வேணாம் (நம்மாளுங்க வழுக்குறதே இங்கதான்). எழுதி முடிச்சதும் மியூசிக் இல்லாம வெறும் வாயால பாடிப் பாருங்க, உபதேசம் மாதிரி கேக்குற வரியை தயங்காம அடிச்சிடுங்க.