ஒரே வாழ்க்கை, இரண்டு கடிதங்கள்: அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் விண்ணப்பிக்கும் குமரி மாவட்ட மாணவர்களுக்கு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பொறியியலோ அறிவியலோ முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு அமெரிக்காவையும் பிரான்சையும் ஒருசேரக் குறிவைக்கும் மாணவர்களில் பலர், பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி, இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று விளக்கும் ஒரே நோக்கக் கடிதத்தை இரு நாடுகளுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த இரண்டு சமூகங்களும் ஒரே விடையைத் தருவதில்லை. உங்கள் கடிதத்தைப் படிப்பவரோ தம் சமூகத்தின் விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறார். எழுத உட்காருமுன் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே சொல்லப்படுவது பொதுப்போக்குதான். இதற்கு மாறான தனிமனிதர்களை இரு நாடுகளிலும் நீங்கள் சந்திப்பீர்கள்.

அமெரிக்கர் மதிப்பது, கீழிருந்து தொடங்கித் தம் முயற்சியால் மேலே வந்தவரை. மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்து, அச்சுத் தொழிலில் பொருளீட்டி, பிறகு அறிவியலிலும் அரசியலிலும் பெயர்பெற்ற பெஞ்சமின் பிராங்கிளின் அந்நாட்டின் முன்மாதிரி மனிதர்களுள் முதன்மையானவர். 'அமெரிக்கக் கனவு' என்ற தொடர் 1931இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவிலேதான் பரவலான வழக்குக்கு வந்தது. இந்த மரபில் வெற்றி என்பது ஒருவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்ற தூரம். ஆகவே தொடங்கி நொடித்துப்போன ஒரு சிறுதொழிலைக்கூட, அதில் கற்றது என்ன என்பதோடு சேர்த்து, அங்கே தயங்காமல் எழுதலாம்.

பிரான்சின் வரலாறு வேறு. 1789இன் புரட்சி பிறப்பால் வந்த சலுகைகளை ஒழித்தது. அந்த இடத்தைப் படிப்படியாகப் போட்டித் தேர்வு பிடித்துக்கொண்டது. பொறியியலுக்குப் பெயர்பெற்ற உயர்கல்விக்கூடமான எக்கோல் பொலிடெக்னிக் 1794இல் தொடங்கப்பட்டது. பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரேயா 1808இல் நெப்போலியன் காலத்தில் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் பெற்றது. பள்ளி முடித்து இரண்டாண்டுகள் கடுமையாகத் தயாராகி, போட்டித் தேர்வில் இடம்பிடித்து உயர்கல்விக்கூடம் ஒன்றில் நுழைந்தவருக்கு, அந்தக் கல்விக்கூடத்தின் பெயர் ஓய்வுபெறும்வரை துணைநிற்கிறது. பிரான்ஸ், அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளை ஒப்பிட்டு 1989இல் ஆய்வு வெளியிட்ட பிலிப் திரிபார்ன், அமெரிக்கர் தம் வேலையை நேர்மையான ஓர் ஒப்பந்தமாகவும், பிரெஞ்சுக்காரர் தம் தொழிலுக்கும் தகுதிக்கும் உரிய மானமாகவும் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். என் பார்வையில், இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கிவிடும்.

இனி எழுதும் முறை. அப்பாவுக்கு அருமனைப் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கும் ஒரு மாணவர், ரப்பர் பாலை உறையவைத்துத் தட்டையாக்கிய ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் அறையின் வெப்பநிலையை அளந்து பதியும் கருவி ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணியாகச் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு அவர் இப்படித் தொடங்கலாம்: "அதிகாலையில் பால்வெட்டப் போகும் தந்தைக்கு, மழைக்காலத்தில் ஷீட் சரியாக உலராமல் பூசணம் பிடித்து விலை குறைவதைக் கண்டேன், வெப்பநிலையை அளக்கும் கருவியைச் செய்தேன், அது காட்டியபடி வெப்பத்தைச் சீர்செய்ததும் ஐந்து நாளில் உலர்ந்துவந்த ஷீட் நான்கு நாளில் உலர்ந்தது, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூவர் அதைக் கேட்டு வாங்கினார்கள்." இங்கே குடும்பம், தடை, செயல், விளைவு, எண் எல்லாம் வந்துவிட்டன, 'நான்' என்று எழுதவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிரான்சுக்கு அதே மாணவர் தொடங்க வேண்டிய இடம் வேறு. ஷீட் உலர்வதில் வெப்பத்துக்கும் காற்றோட்டத்துக்கும் என்ன தொடர்பு, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தார், ஏன் வேறொன்றை விட்டார், எங்கே அவருடைய அளவீடு நம்பத்தகாதது, அந்தக் குறையைத் தீர்க்க எந்தப் பாடம் தேவைப்படுகிறது, அந்தப் பாடம் விண்ணப்பிக்கும் படிப்பில் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி எழுத வேண்டும். தந்தையின் உழைப்பு ஒரு வரியில் வந்தால் போதும். விளைவை மறைக்க வேண்டாம். ஆனால் அதை முன்னால் நிறுத்தினால், சிந்தனையைக் காட்டாமல் சாதனையைக் காட்டுகிறார் என்ற எண்ணம் எழக்கூடும். இரண்டு கடிதங்களிலும் பொய் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. மாறுவது வரிசையும் அழுத்தமும்தான்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். பிரான்சில் 20க்குக் கணக்கிடுகிறார்கள். 10 தேர்ச்சி, 14 'நன்று', 16 'மிக நன்று'. பத்தாம் வகுப்பில் 490 வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் அங்கே 13 வாங்கிவிட்டு அறைக்குள் முடங்கிப்போகிறார்கள். அந்த 13 கௌரவமான மதிப்பெண் என்பதை வீட்டாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதுபோலவே, பிரெஞ்சுப் பேராசிரியர் உங்கள் கட்டுரையில் முதலில் குறையைச் சுட்டினால் அது அவமதிப்பன்று. அமெரிக்கப் பேராசிரியர் முதலில் பாராட்டினால், அடுத்த வாக்கியத்தைக் கூர்ந்து கேளுங்கள். திருத்த வேண்டியது அங்கேதான் இருக்கும்.

பணத்தைப் பற்றிய பேச்சில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பிக்கு என்ன சம்பளம்?" என்று கேட்பது நமக்கு அக்கறை. அமெரிக்காவில்கூட அப்படிக் கேட்பது நாகரிகமாகாது. ஆனால் உழைத்து ஈட்டிய செல்வத்தைப் பெருமையோடு காட்டுவதை அங்கே பெரும்பாலோர் குறையாக நினைப்பதில்லை. பிரான்சில் செல்வத்தை அடக்கமாக வைத்திருப்பதே பண்பு. நேர்காணலில் "பெரும் செல்வம் ஈட்டுவதே என் குறிக்கோள்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே தளர்ந்துவிடும்.

நேரமும் அப்படித்தான். பிரான்சில் ஊதியத்துடன் விடுமுறை 1936இல் இரண்டு வாரமாகச் சட்டமாகி, 1982இல் ஐந்து வாரமாக உயர்ந்தது. வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையும் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ ஊதியத்துடன் விடுமுறை அளித்தே ஆகவேண்டும் என்ற நாடுதழுவிய சட்டம் இல்லை. எனவே "இரவு பகலாக, ஞாயிறும் பாராமல் உழைப்பேன்" என்ற வரியை அமெரிக்கக் கடிதத்தில் வைக்கலாம். பிரெஞ்சுக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுக்குக் களரியோ வில்லுப்பாட்டோ தெரிந்திருந்தால், முழுமையான மனிதர் என்பதற்கு அடையாளமாகப் பிரெஞ்சு விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள்.

இரண்டு மண்ணிலும் காலூன்றுவது முடியாத காரியமன்று. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1970களில் பிரான்சில் வைக்கிங் என்ற ராக்கெட் எஞ்சின் பணியில் இந்தியப் பொறியாளர் குழுவை வழிநடத்தியவரும் அவரே. அந்தத் தொழில்நுட்பத்திலிருந்து உருவான விகாஸ் எஞ்சினைத்தான் நம் மாவட்ட எல்லையை அடுத்த மகேந்திரகிரியில் சோதிக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் பேராசிரியரிடம் போகும்போதும் இரண்டு குறிப்புகளைத் தனித்தனியே எழுதிக் கையில் கொடுங்கள்: அமெரிக்காவுக்கு, நீங்கள் முன்னின்று செய்து முடித்த காரியங்கள்; பிரான்சுக்கு, எந்தப் பாடத்தில் எவ்வளவு ஆழம் சென்றீர்கள், வகுப்பில் உங்கள் இடம் என்ன என்பவை. அவகாசம் இல்லாத பேராசிரியர் கையில் கிடைத்ததை வைத்தே எழுதுவார்; கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.