ஊன ஓய்வூதியம்: சேர்ந்த நாள் காகிதத்தை முதலில் கேளுங்கள்

‘பணியால் வந்த நோயல்ல’ என்று ராணுவ ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால், ஸ்கேனுக்குச் செலவழிக்கும் முன் தபால் நிலையத்தில் 10 ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள். உங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, இரண்டே நகல்கள் கேளுங்கள்: சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, வெளியேறும்போது மெடிக்கல் போர்டு (ராணுவ மருத்துவர் குழு) எழுதிய அறிக்கை. சர்வீஸ் நம்பரை மறக்க வேண்டாம்.

இப்போது எடுக்கும் ஸ்கேன் இன்றைய உடம்பைத்தான் காட்டும். சேர்ந்தபோது அந்த நோய் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அது பணியில் வந்ததாகவே கொள்ளவேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போர்டு காரணமே எழுதாமல் மொட்டையாக மறுத்திருந்தால், மேல்முறையீட்டில் அதுதான் உங்கள் பிடி.

சேரும்போதே நோய் பதிவாகியிருந்தால் இது உதவாது. பணியால் அது மோசமானது என்று காட்டவேண்டும். பணிக்காலம் முடித்து வந்தவருக்குப் பாதிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே என்றாலும் கஷ்டம்தான். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களா? உங்களுக்குப் புது விதிகள். அவற்றைப் படித்துவிட்டு மனு எழுதுங்கள்.